லாபமே இல்லாத குதிரைகளில் ஏன் பணம் போட்டார்? ட்ரெவர் ஹெமிங்ஸ் பற்றிய விவாத இழை

செங்கல்சூளை:

கட்டுமானத் தொழிலில் காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் இந்த இழையைத் தொடங்குகிறேன். நம் ஊரில் 'கையை ஊன்றிக் கரணம் போட்டு முன்னுக்கு வந்தவர்' என்று சிலரைச் சொல்வார்கள். இங்கிலாந்தின் லங்காஷயரில் அப்படி வந்த ஒருவர் ட்ரெவர் ஹெமிங்ஸ். 1935-ல் லண்டனின் வூல்விச் பகுதியில் பிறந்தவர். போர்க்காலத்தில் அப்பாவுக்கு அரசு ஆயுதத் தொழிற்சாலையில் வேலை மாற்றம் வந்ததால் குடும்பம் வடக்கே லேலண்டுக்குப் போனது. 15 வயதில் பள்ளி முடிந்தது. கொத்தனாரிடம் தொழில் பழகினார், மாலை வகுப்பில் கணக்கு வழக்கும் வணிகமும் படித்தார். பிறகு 'ஹெமிங்ஸ் அண்ட் கென்ட்' என்ற பெயரில் வீடு கட்டி விற்கும் நிறுவனத்தை நடத்தி, அதை கிறிஸ்டியன் சால்வெசன் என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றார்.

அதற்குப் பின் நடந்ததுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம். பிரெட் பான்டின் என்பவர் பிரிட்டன் முழுக்கக் கடற்கரையோர விடுமுறை முகாம்களை நடத்தியவர். தொழிலாளர் குடும்பங்கள் வாரக் கணக்கில் வந்து தங்கிப் போகும் இடங்கள் அவை. சவுத்போர்ட்டில் அவருக்கு ஒரு முகாமைக் கட்டிக் கொடுக்கும் வேலை ஹெமிங்ஸுக்குக் கிடைத்தது. ஒப்பந்தக்காரராக உள்ளே போனவர் பான்டினின் நம்பிக்கைக்குரிய சீடராக வெளியே வந்தார். 1971-ல் பான்டினின் ஸ்பெசிஃபை என்ற குதிரை கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் ஜெயித்தது. தன் குருவுக்குக் கிடைத்த அந்த வெற்றி தனக்கும் வேண்டும் என்ற ஆசை அப்போதே விழுந்துவிட்டது. அது கைகூட 2005 வரை காத்திருந்தார்.

என் கேள்வி இதுதான். எதை எப்போது வாங்குவது, எப்போது கைகழுவுவது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த மனிதர், திரும்பி வராத பணத்தை ஏன் குதிரையில் போட்டார்? குதிரை விஷயம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

தொடங்கியதற்கு நன்றி. 'சுயமாக முன்னேறியவர்' என்ற பட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் கொத்துக்கரண்டியால் மட்டும் யாரும் கோடீசுவரர் ஆவதில்லை.

பான்டினின் முகாம் நிறுவனமான பான்டின்ஸ் கைமாறிய வரிசையைப் பாருங்கள். 1978-ல் அதை கோரல் என்ற பந்தயச் சூதாட்ட நிறுவனம் வாங்கியது. பிறகு கோரலை பாஸ் மதுபான நிறுவனம் வாங்கியது. 1987-ல் ஹெமிங்ஸ் தலைமையிலான நிர்வாகிகள் குழு பாஸிடமிருந்து பான்டின்ஸை விலைக்கு எடுத்தது. 1989-ல், இரண்டே ஆண்டில், அதை ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் என்ற இன்னொரு மதுபான நிறுவனத்துக்கு விற்றது. அவருடைய உண்மையான செல்வம் அங்கேதான் பெருகியது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் மது நிறுவனங்கள் கையில் பணத்தை வைத்துக்கொண்டு ஓய்வுநேரத் தொழில்களில் போட்டி போட்டு இறங்கின. வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போது விற்றார். 2000-ல் அவர்களுக்கு அந்தத் தொழில் கசந்தபோது அதே பான்டின்ஸைத் திரும்ப வாங்கினார், 2008-ல் மறுபடி விற்றார். கட்டியதில் வந்ததைவிடக் கைமாற்றியதில் வந்த பணம் அதிகம்.

இன்னொன்று. அவர் குடியிருந்தது பிரிட்டனுக்குப் பக்கத்தில், தனி வரிச் சட்டங்கள் கொண்ட மான் தீவில் (Isle of Man). அங்கே வருமான வரி பிரிட்டனைவிட மிகவும் குறைவு. சட்டப்படி அதில் தவறில்லை. ஆனாலும் சுயமுன்னேற்றக் கதையை எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

செங்கல்சூளை:

ஏற்கிறேன் ஐயா. ஆனால் விற்கத் தெரிவதும் தொழில்தானே? நம் ஊர்களில் மனை வாங்கிப் போட்டவர்கள் எத்தனை பேர் 'இன்னும் ஏறும், இன்னும் ஏறும்' என்று பிடித்துக்கொண்டிருந்து கடைசியில் கடன்காரனிடம் பத்திரத்தைக் கொடுத்தார்கள்! இவர் தன் முதல் நிறுவனத்தையே பாசம் பார்க்காமல் விற்றார். அந்த மனத்திடம் எளிதில் வராது.

தவிர, அவர் கட்டுவதை நிறுத்திவிடவும் இல்லை. சோர்லியைத் தலைமையிடமாகக் கொண்ட அவருடைய நார்தர்ன் டிரஸ்ட் நிறுவனம் சிறு தொழிற்கூடங்களைக் கட்டி வாடகைக்கு விட்டது, கைவிடப்பட்ட நிலங்களை வாங்கிச் சீர்படுத்தியது. பகட்டான கோபுரங்கள் இல்லை. மெக்கானிக், தச்சர், அச்சுக்கூடக்காரர் வந்து அமரும் சின்னச் சின்னக் கூடங்கள். சொத்துத் தொழிலில் ஊறியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒருவர் காலி செய்தாலும் மற்றவர்களின் வாடகை வந்துகொண்டிருக்கும்.

லாயத்துக்காரர்:

குதிரைக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிண்டியிலும் ஊட்டியிலும் நாம் பார்ப்பது சமதளப் பந்தயம். இரண்டு மூன்று வயதுக் குதிரைகள், ஒன்றரை இரண்டு நிமிட ஓட்டம். அதில் ஜெயிக்கும் ஆண் குதிரைக்கு ஓய்வுக்குப் பிறகுதான் உண்மையான வருமானமே. பொலிகுதிரையாக நிறுத்தினால் உரிமையாளருக்கு ஆண்டுதோறும் பணம் கொட்டும். அதனால் சமதளப் பந்தயத்தில் பணம் போடுவதை ஓரளவுக்காவது முதலீடு என்று சொல்லலாம்.

ஹெமிங்ஸ் போனது தடைதாண்டும் பந்தயத்துக்கு. அங்கே ஓடும் ஆண் குதிரைகள் பெரும்பாலும் காயடிக்கப்பட்டவை. வேலிகளைத் தாண்ட நிதானமும் பக்குவமும் வேண்டும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். எட்டு, ஒன்பது, பத்து வயதில்தான் உச்சத்துக்கு வரும். அதுவரை தீவனம், லாயம், பயிற்சியாளர் கட்டணம், வைத்தியம் எல்லாம் கைக்காசு. கால் தசைநாரில் காயம் பட்டால் ஓராண்டு படுத்துவிடும். ஜெயித்தாலும் பரிசுப் பணத்தோடு சரி. வாரிசு கிடையாது, பொலிகட்டணம் கிடையாது. ஓட்டம் நின்ற அன்று அந்தக் குதிரையின் சந்தை மதிப்பு ஏறக்குறைய பூஜ்ஜியம். வாங்கி விற்றே வளர்ந்த ஒருவர், விற்பதற்கு எதுவுமே மிஞ்சாத இடத்தில் போய் நின்றார். செங்கல்சூளை கேட்டதற்கு நேரான பதில், அவர் அங்கே பணம் தேடிப் போகவில்லை என்பதுதான்.

கிராண்ட் நேஷனல் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். லிவர்பூல் அருகே ஏன்ட்ரியில் ஏப்ரலில் நடப்பது. ஏறத்தாழ 7 கிலோமீட்டர், 30 தாண்டல்கள், ஹெமிங்ஸ் காலத்தில் 40 குதிரைகள். திறமையான குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை என்று ஈயத்தகடு வைத்துச் சமன்செய்து ஓட்டுவார்கள். ஆகவே சிறந்த குதிரையை வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார் என்ற உறுதி இல்லை.

ஹெமிங்ஸின் குதிரை ஹெட்ஜ்ஹன்டரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அயர்லாந்தில் வில்லி முல்லின்ஸிடம் பயிற்சி. 2004 கிராண்ட் நேஷனலில் முன்னணியில் வந்து, கடைசி வேலியில் களைத்து விழுந்தது. இவ்வளவு தூரம் ஓடி, ஒரே ஒரு வேலி மிச்சமிருக்கும்போது! பல உரிமையாளர்கள் 'இதற்கு மூச்சு போதாது' என்று முடிவு கட்டியிருப்பார்கள். மறு ஆண்டு ஜாக்கி ரூபி வால்ஷ் ஏறினார். பந்தயம் கட்டுபவர்களின் முதல் விருப்பமாக 7-க்கு 1 விலையில் (ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தால் ஏழு பவுண்டு லாபம்) புறப்பட்டு, 14 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்த ஓட்டத்தைப் பார்த்தால் ஒன்று கவனிக்கலாம்: கடைசி வேலி தாண்டும் வரை வால்ஷ் அவசரப்படவே இல்லை, கடிவாளத்தைப் பிடித்தே உட்கார்ந்திருப்பார். 2006-ல் அதே குதிரை, தடைதாண்டும் குதிரைகளில் சிறந்தவை மோதும் செல்ட்டன்ஹாம் கோல்டு கப்பில் இரண்டாவது, மூன்று வாரம் கழித்து கிராண்ட் நேஷனலிலும் இரண்டாவது. என்னைக் கேட்டால் அந்த மூன்று வாரம் 2005 வெற்றியைவிடப் பெரிய சாதனை.

மலைக்கோட்டை மல்லிகா:

லாயத்துக்காரர் அண்ணா, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நம் செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி அவர்களோடு இவரை ஒப்பிடலாமா?

லாயத்துக்காரர்:

ஆசை அளவில் ஒப்பிடலாம் அம்மா. மற்றபடி வேறு வேறு. அவர் பெரிய தொழில் குடும்பத்தின் வாரிசு, களம் சமதளப் பந்தயம். இந்தியாவின் கிளாசிக் பந்தயங்களில் அவர் குவித்த வெற்றிகளுக்கு இணை சொல்ல ஆள் இல்லை. ஹெமிங்ஸ் ஒரே பந்தயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியவர்.

பிரஸ்டன்வாசி:

வேலை காரணமாகப் பல ஆண்டுகளாக பிரஸ்டன் நகரில் இருக்கிறேன். இங்கே அவர் பெயர் குதிரையைவிடக் கால்பந்தோடுதான் பேசப்படும்.

பிரஸ்டன் நார்த் எண்ட் சாதாரணக் கிளப் இல்லை. 1888-ல் தொடங்கிய இங்கிலாந்து கால்பந்து லீகின் முதல் சாம்பியன் அதுதான், அந்தப் பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. அப்பேர்ப்பட்ட கிளப் 2010-ல் வரிப் பாக்கியில் சிக்கி, வரித்துறை அதைக் கலைக்கக் கோரி நீதிமன்றம் போகும் நிலைக்கு வந்தது. பங்குகளை வைத்திருந்த ஹெமிங்ஸ் அந்த ஆண்டு ஜூனில் முழுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

ஒரு பொருத்தத்தைச் சொல்கிறேன். 2011 ஏப்ரலில் அவருடைய பல்லாபிரிக்ஸ் கிராண்ட் நேஷனலை ஜெயித்தது. அதே பருவத்தில் பிரஸ்டன் மூன்றாம் அடுக்குக்குத் தள்ளப்பட்டது. 2015 ஏப்ரல் 11-ல் அவருடைய இன்னொரு குதிரை மெனி கிளவுட்ஸ் அதே பந்தயத்தை ஜெயித்தது. மே 24-ல் வெம்ப்லியில் ஸ்விண்டனை 4-0 என்று சாய்த்து பிரஸ்டன் மேலே ஏறியது, ஜெர்மெய்ன் பெக்ஃபோர்ட் மூன்று கோல். ஆறே வாரத்தில் இரண்டும். அந்த வசந்தகாலத்தில் இந்த ஊர்க் கடைத்தெருவில் கேட்ட பேச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தேநீர்க்கடையில் குதிரையே தெரியாத பாட்டிமார்கள்கூட 'டிரெவரின் குதிரை' என்று உரிமையோடு பேசினார்கள்.

ஆண்டுதோறும் கிளப்பின் நட்டத்தை அவர் பணம்தான் அடைத்தது. இதிலும் லாபம் இல்லை. மற்ற கிளப்களில் வந்த உரிமையாளர்கள் மைதானத்தையே அடகு வைத்துவிட்டுப் போனதைப் பக்கத்து ஊர்களில் பார்த்தவர்கள் நாங்கள். பரி (Bury) என்ற ஊரில் 2019-ல் கிளப்பையே லீகிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கணக்குப்பிள்ளை:

பிரஸ்டன்வாசி சொல்வது நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அங்கிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி பிளாக்பூலில் கேட்டால் வேறு பதில் வரலாம் அல்லவா?

1998-ல் பிளாக்பூல் கோபுரமும் விண்டர் கார்டன்ஸ் என்ற பழைய கேளிக்கை அரங்கமும் அவர் கைக்கு வந்தன. 1894-ல் திறந்த கோபுரம், 518 அடி. அந்த ஊரின் அடையாளமே அதுதான். அவருடைய பெரிய கனவு அங்கே ஒரு மாபெரும் சூதாட்ட விடுதி. பிரிட்டன் அரசு ஒரே ஒரு பெரும் காசினோவுக்கு உரிமம் தருவதாகச் சொன்னது, ஊரே நம்பிக் காத்திருந்தது. 2007 ஜனவரியில் தேர்வுக் குழு மான்செஸ்டருக்குக் கைகாட்டியது. பிறகு மான்செஸ்டருக்கும் கிடைக்காமல் திட்டமே கைவிடப்பட்டது. 2010-ல் அவர் கோபுரத்தையும் விண்டர் கார்டன்ஸையும் ஏறத்தாழ 4 கோடி பவுண்டுக்கு நகராட்சிக்கு விற்றார்.

காசினோவை நம்பிக் கழிந்த ஆண்டுகளில் அந்தப் பழங்கட்டடங்களுக்கு வேண்டிய பராமரிப்பு நடக்கவில்லை என்ற மனக்குறை அந்த ஊரில் உண்டு. பான்டின்ஸும் அவர் விற்ற இரண்டு ஆண்டுகளில், 2010-ல், நொடித்து, கடன்களைத் தீர்க்க நியமிக்கப்படும் நிர்வாகிகள் கைக்குப் போனது. சரியான நேரத்தில் விற்றார் என்று நாம் பாராட்டும் ஒவ்வொரு இடத்திலும், பின்னால் வாங்கியவர் ஒருவர் நிற்கிறார். அவரையும், அங்கே வேலை பார்த்தவர்களையும் மறந்துவிட்டு வரலாறு எழுதக் கூடாது.

பிரஸ்டன்வாசி:

இது நியாயமான வாதம். காசினோ வந்திருந்தால் பிளாக்பூல் என்ன ஆகியிருக்கும் என்பதில் இங்கே இன்றும் இரண்டு கட்சி உண்டு. சூதாட்டம் ஏழைக் குடும்பங்களைக் கெடுத்திருக்கும் என்ற பக்கத்தில்தான் நான். அவருடைய திட்டங்களில் எனக்கு உடன்பாடு இல்லாதது அது ஒன்று.

உயிர்நேயன்:

எல்லாரும் வெற்றிகளையே பேசுகிறீர்கள். நான் குதிரைகளின் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

2011 பந்தயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் சுற்றில் ஆர்னே, டூனீஸ் கேட் என்ற இரண்டு குதிரைகள் இறந்தன. இரண்டாவது சுற்றில் அந்த வேலிகளைச் சுற்றிக்கொண்டு மற்ற குதிரைகள் ஓடின. தார்ப்பாயால் மூடிக் கிடந்த உடலை வானிலிருந்து எடுத்த காட்சி உலகம் முழுக்கப் போனது. ஜெயித்த பல்லாபிரிக்ஸுக்கும் வெயிலில் உடல் கொதித்துப்போய், பிராணவாயு கொடுத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. வெற்றி மேடைக்கு அந்தக் குதிரை வரவே இல்லை. ஜாக்கி ஜேசன் மகுவயர் சாட்டையை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதற்காக ஐந்து நாள் தடை பெற்றார்.

மெனி கிளவுட்ஸின் முடிவு அதைவிடக் கொடுமை. 2017 ஜனவரி 28, செல்ட்டன்ஹாம். அன்றைய நட்சத்திரக் குதிரை திசில்கிராக்கைக் கடைசிப் பாய்ச்சலில் ஒரு தலை வித்தியாசத்தில் முந்தியது, சற்று நேரத்தில் சரிந்து விழுந்து இறந்தது. நுரையீரலில் கடுமையான ரத்தக்கசிவு என்று பரிசோதனையில் தெரிந்தது. பத்து வயது. 'மனம் தளராத குதிரை' என்று பத்திரிகைகள் எழுதின. போதும் என்று சொல்ல அந்தக் குதிரைக்கு வாய் இல்லை. உரிமையாளரின் ஆசைக்கு அது உயிரைக் கொடுத்தது என்பதே என் பார்வை.

லாயத்துக்காரர்:

தம்பி உயிர்நேயன், நீங்கள் சொன்ன ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. மெனி கிளவுட்ஸ் விழுந்த அன்று நானும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன். ஒன்று, அந்தப் பரிசோதனையில் குதிரைக்கு முன்பே நோய் இருந்ததற்கான அறிகுறி கிடைக்கவில்லை. யாரும் மறைத்தோ அலட்சியமாகவோ ஓட்டியதாகச் சொல்ல முடியாது. இரண்டு, நீங்கள் சொன்ன 2011-க்குப் பிறகு விதிகள் உண்மையாகவே மாறின. அந்த ஆண்டு அக்டோபரில் தடைதாண்டும் பந்தயங்களில் சாட்டையடியை எட்டுக்குள் கட்டுப்படுத்தினார்கள். 2013 முதல் வேலிகளுக்குள் இருந்த மரக்கட்டைக்குப் பதில் வளையக்கூடிய பிளாஸ்டிக் வந்தது. 2024 முதல் 40 குதிரைகள் 34 ஆகக் குறைக்கப்பட்டன.

இவை போதுமா? போதாது என்றால் உங்களோடு நானும் நிற்பேன். ஆனால் ஓய்வுபெற்ற குதிரைகளைக் கைகழுவாமல் தன் லங்காஷயர் பண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் ஹெமிங்ஸ். அந்த உலகத்தில் எல்லாரும் அப்படிச் செய்வதில்லை.

2015 வெற்றியின் அளவையும் பதிவு செய்ய வேண்டும். மெனி கிளவுட்ஸ் சுமந்தது 11 ஸ்டோன் 9 பவுண்டு, சுமார் 74 கிலோ. 1974-ல் ரெட் ரம் 12 ஸ்டோனோடு ஜெயித்த பிறகு அவ்வளவு எடையோடு எந்தக் குதிரையும் அந்தப் பந்தயத்தை ஜெயித்ததில்லை. பயிற்சியாளர் ஆலிவர் ஷெர்வுட், ஜாக்கி லெய்ட்டன் ஆஸ்பெல். அந்த ஜாக்கி ஒரு காலத்தில் தொழிலைவிட்டே விலகிப் போய்த் திரும்பியவர்.

உயிர்நேயன்:

பண்ணையில் வைத்துக் காத்தார் என்பதை மதிக்கிறேன் அண்ணா. பந்தயமே வேண்டாம் என்ற என் நிலை மாறவில்லை. ஆனால் கோபமில்லாமல் பதில் சொன்னீர்கள், நன்றி.

மலைக்கோட்டை மல்லிகா:

ரெட் ரம் பெயர் வந்ததால் கேட்கிறேன். பல்லாபிரிக்ஸின் பயிற்சியாளர் டொனால்டு மெக்கெய்னுக்கும் ரெட் ரம்முக்கும் தொடர்பு உண்டா? பெயரை எங்கோ படித்திருக்கிறேன்.

லாயத்துக்காரர்:

உண்டு அம்மா, நல்ல கேள்வி. 1973, 1974, 1977 என்று மூன்று முறை ஜெயித்த ரெட் ரம்மைப் பயிற்றுவித்த ஜிஞ்சர் மெக்கெய்னின் மகன்தான் இந்த டொனால்டு. ஜிஞ்சர் சவுத்போர்ட்டில் கார் வியாபாரம் பார்த்தவர். ஷோரூமுக்குப் பின்னால்தான் லாயம், பயிற்சி கடற்கரை மணலில். ஹெமிங்ஸ் பான்டினுக்கு முகாம் கட்டிய அதே சவுத்போர்ட்! ஒருவர் செங்கலோடும் இன்னொருவர் குதிரையோடும் அந்த ஒரே கடற்கரையிலிருந்து மேலே வந்தவர்கள். 2011-ல் மகன் ஜெயித்ததை ஜிஞ்சர் கண்ணால் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

ஒரே உரிமையாளருக்கு மூன்று கிராண்ட் நேஷனல் என்ற பெருமையும் ரெட் ரம்மின் உரிமையாளர் நோயல் லெ மேரோடு ஹெமிங்ஸுக்குப் பொதுவானது. லெ மேருக்கு ஒரே குதிரை மூன்று முறை. ஹெமிங்ஸுக்கு மூன்று குதிரை, மூன்று பயிற்சியாளர், மூன்று ஜாக்கி. எதற்கு எடை அதிகம் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

செங்கல்சூளை:

லாயத்துக்காரர் சொன்ன பிறகு ஒன்றைத் தேடிப் பார்த்தேன். நியூபரியில் நடக்கும் ஹென்னெசி கோல்டு கப்பையும் அவர் மூன்று முறை ஜெயித்திருக்கிறார்: 2005-ல் டிராபோல்கன், 2014-ல் மெனி கிளவுட்ஸ், பெயர் மாறிய பிறகு 2020-ல் கிளாத் கேப். எப்போதும் தலையில் துணித்தொப்பியோடு திரிந்தவர், கடைசிக் காலத்தில் தன் குதிரைக்கும் அந்தத் தொப்பியின் பெயரையே வைத்திருக்கிறார். 2021 கிராண்ட் நேஷனலில் கிளாத் கேப்தான் முதல் விருப்பம். ஆனால் ஓட்டத்தை முடிக்கவில்லை, ஜாக்கி பாதியில் நிறுத்திக்கொண்டார். நான்காவது வெற்றி கிடைத்திருந்தால் உரிமையாளர்களில் அன்று தனி ஆளாக நின்றிருப்பார். அந்த ஆண்டு அக்டோபரில், 86 வயதில் மறைந்தார்.

கணக்குப்பிள்ளை ஐயா கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பிளாக்பூல் விஷயத்தில் உங்கள் பக்கம் பலம் அதிகம். ஆனால் கோபுரத்தையும் முகாமையும் கைமாற்றியவர், தோற்றுக் கீழே போன பிரஸ்டனைக் கைமாற்றவில்லை. கடைசி வேலியில் விழுந்த ஹெட்ஜ்ஹன்டரையும் கைமாற்றவில்லை. தொழிலில் அவரிடம் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று என் பையன் கேட்டால், நான் முதலில் சொல்லப்போவது 2004-ஐத்தான், 1989-ஐ அல்ல.

கணக்குப்பிள்ளை:

1989-ஐயும் சொல்லுங்கள். அந்தப் பணம் இல்லாமல் 2004-ல் பொறுமை காத்திருக்க முடியாது.

பிரஸ்டன்வாசி:

அவர் மறைந்த பிறகு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். கிளப் குடும்பத்தின் கையில் தொடர்ந்தது, மகன் கிரெய்க் பொறுப்பேற்றார். குதிரைகளில் ஒரு பகுதியை விற்றார்கள், மிச்சத்தைக் குடும்பம் வைத்துக்கொண்டு ஹெமிங்ஸ் பெயரிலேயே ஓட்டியது. அதே பச்சை, மஞ்சள், வெள்ளைச் சட்டைதான்.